வழித்தடக் கோப்பில் உயரமும் சாலைத் தரையும் சேர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் மிதிவண்டிக் குழுவின் வார இறுதிப் பயணங்களுக்கு, மிதிவண்டியில் பொருத்தும் கருவியிலோ போனிலோ ஏற்றி வழி பார்க்கும் வழித்தடக் கோப்புகளைத் தயாரிக்கும் வேலை சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. கோப்பை அனுப்பிய அன்றிரவே வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை எழுதி, விடைகளை ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழ்நாட்டுச் சாலைகள். மலைப்பாதைகளில் நடந்து செல்வோருக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

ஜிபிஎக்ஸ் கோப்பு, ஜிபிஎக்ஸ் கோப்பு என்கிறீர்களே, அதற்குள் என்னதான் இருக்கிறது?

வழித்தடங்களைச் சேமிக்கும் பொதுவான கோப்பு அமைப்பின் பெயர் ஜிபிஎக்ஸ். அதற்குள் வெறும் எழுத்துதான் இருக்கிறது. கணினியில் நோட்பேடு கொண்டு திறந்து பார்த்தால், ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு அட்சரேகை எண்ணும் ஒரு தீர்க்கரேகை எண்ணும் வரிசையாக வருவதைக் காணலாம். அவற்றுக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து உயரம் மீட்டரில் இருக்கலாம். நீங்கள் ஓட்டிப் பதிவுசெய்த கோப்பாக இருந்தால் நேரமும் இருக்கும். உயரமும் நேரமும் கட்டாயமில்லை. இன்று எல்லோரும் பயன்படுத்தும் 1.1 பதிப்பு 2004-இல் வெளிவந்தது. தனி இடத்தைக் குறிக்கும் வேபாயின்ட், திருப்பங்களை மட்டும் கோத்த ரூட், சாலையை நெருக்கமாகத் தொடரும் புள்ளிகளைக் கொண்ட டிராக் என்று மூன்று வகையாக அதில் இடங்களைச் சேமிக்கலாம்.

சாலை தார்ச்சாலையா, மண்சாலையா என்பதை எழுதி வைப்பதற்கு அந்த அமைப்பில் தனி இடமே இல்லை. இதைக் கேட்டதும் பலர் வியப்படைகிறார்கள். கீழே வரும் பல சிக்கல்களுக்கு வேர் இதுதான்.

நான் வரைபடத்தில் விரலால் வரைந்த வழிக்கு உயரம் எங்கிருந்து வருகிறது? நான் அங்கே போனதே இல்லையே.

உலகத்தின் நிலப்பரப்பைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரத்தைப் பதித்து வைத்த தரவுத் தொகுப்புகள் இருக்கின்றன. உங்கள் வழியில் உள்ள புள்ளி எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று பார்த்து, சுற்றியுள்ள கட்டங்களின் உயரங்களையும் கலந்து, ஓர் எண்ணை மென்பொருள் எழுதிக்கொள்கிறது. சாலையை யாரும் அளக்கவில்லை. சாலை போகும் இடத்தில் நிலம் எவ்வளவு உயரம் என்று ஒரு கட்டத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

இவற்றுள் மிகப் பரவலானது, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பறந்து ரேடார் மூலம் திரட்டியது. எஸ்ஆர்டிஎம் என்று அழைக்கப்படும் அந்தத் தரவு வெகுகாலம் நம் பகுதிக்குச் சுமார் 90 மீட்டர் கட்டங்களாக மட்டுமே கிடைத்தது. 30 மீட்டர் கட்டங்கள் 2014 முதல் பொதுவில் வந்தன. டான்டெம்-எக்ஸ் என்ற ஜெர்மானிய ரேடார் செயற்கைக்கோள் இணை 2010 முதல் 2015 வரை எடுத்த அளவுகளைக் கொண்டு உருவான கோப்பர்னிகஸ் தொகுப்பும் 30 மீட்டர் கட்டங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. என் அனுபவத்தில் அது மலைப்பகுதிகளில் பழையதைவிடத் தெளிவானது. நம் இஸ்ரோவின் கார்ட்டோசாட்-1 படங்களிலிருந்து செய்யப்பட்ட கார்ட்டோடெம் தொகுப்பைப் புவன் தளத்தில் பெறலாம்.

கோப்பைக் கருவியில் ஏற்றினேன். வழி தெரிகிறது, ஏற்றப் படம் மட்டும் வரவில்லை. கருவி கெட்டுவிட்டதா?

கருவி நன்றாகத்தான் இருக்கிறது; கோப்பில் உயரம் இல்லை. பல மிதிவண்டிக் கருவிகள், அடுத்து வரும் ஏற்றம் எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு சரிவு என்பதைக் கோப்பில் உள்ள உயரத்தைக் கொண்டே காட்டுகின்றன. கோப்பு காலியாக இருந்தால் அவற்றுக்குக் காட்ட ஒன்றுமில்லை. முதல் விடையில் சொன்னபடி நோட்பேடில் திறந்து பாருங்கள். உயரம் அறவே இல்லாத கோப்பைச் சரிசெய்வது எளிது. எல்லாப் புள்ளிக்கும் சுழியம் என்று எழுதப்பட்ட கோப்புதான் தொல்லை தருவது, ஏனெனில் உயரம் ஏற்கெனவே இருப்பதாக நினைத்து மென்பொருள் அதைத் தொடாமல் விட்டுவிடும். அப்படிப்பட்ட கோப்பில் உயரத்தை முதலில் நீக்கிவிட்டுப் பிறகு புதிதாகச் சேர்க்க வேண்டும்.

சரி, எதைக் கொண்டு சேர்ப்பது? மென்பொருள் தெரியாதவனுக்கும் புரியும்படி சொல்லுங்கள்.

புதிதாக வழி போடுபவர் பிரவுட்டர் தளத்தில் புள்ளிகளை வைத்தால், சாலையோடு ஒட்டிய வழியும் அதற்கான உயரமும் சேர்ந்தே கோப்பாக வரும். கையில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் ஜிபிஎக்ஸ் ஸ்டூடியோவில் அதைத் திறந்து, உயரத் தரவைச் சேர்க்கும் கட்டளையைக் கொடுத்துச் சேமித்தால் போதும். இரண்டும் உலாவியிலேயே இயங்குகின்றன, இரண்டுக்கும் கட்டணம் இல்லை. எந்த உயரத் தொகுப்பைப் பயன்படுத்துகிறோம் என்பதைத் தாமே தேர்ந்தெடுக்க விரும்புவோர், கட்டக் கோப்பைத் தரவிறக்கி, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் வழித்தடத்தை அதன்மேல் போர்த்தி உயரத்தை எடுக்கலாம்.

எந்தக் கருவியானாலும் வரிசை முக்கியம். முதலில் வழியைச் சாலையோடு ஒட்டவைக்க வேண்டும். அடுத்து 20 அல்லது 30 மீட்டருக்கு ஒரு புள்ளி இருக்குமாறு நெருக்கமாக்க வேண்டும். அதன் பிறகே உயரத்தைக் கேட்க வேண்டும். திருப்பங்களை மட்டும் கோத்த ரூட் கோப்பில் இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி இருந்து, அதற்கு நேரடியாக உயரத்தைச் சேர்த்தால், இடையில் உள்ள குன்று முழுவதும் காணாமல் போய்விடும். ஒட்டவைக்காமல் நெருக்கமாக்கினால், இடைப்புள்ளிகள் சாலையை விட்டுக் குன்றின் உச்சி வழியாக நேர்கோட்டில் போகும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஒரு தளம் 2,050 மீட்டர் ஏற்றம் என்கிறது, இன்னொன்று 2,600 என்கிறது. எது பொய்?

இரண்டையும் பொய் என்று சொல்லிவிட முடியாது. கணக்கிடும் முறை வேறு. மொத்த ஏற்றம் என்பது, வழியில் மேலே போகும் ஒவ்வொரு சிறு அடியையும் கூட்டி வரும் எண். உயரத் தரவில் சிறு நடுக்கம் இருந்தால், அந்த நடுக்கமும் ஏற்றமாகவே கூட்டப்படும். ஒரு சிறிய கணக்கைப் பார்ப்போம். 30 கிலோமீட்டர் சமதளச் சாலையில் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்தால் 1,000 புள்ளிகள் வரும். அடுத்தடுத்த புள்ளிகள் அரை மீட்டர் மேலும் கீழுமாக ஆடினால், 500 முறை அரை மீட்டர் ஏறியதாகி, இல்லாத 250 மீட்டர் ஏற்றம் உங்கள் கணக்கில் வரவு வைக்கப்படும். புள்ளிகளை இரட்டிப்பாக்கினால் இந்தப் பொய் ஏற்றமும் கூடும்.

இதைத் தடுக்க ஒவ்வொரு தளமும் ஒரு வரம்பை வைத்துக்கொள்கிறது. காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தை அளக்கும் உணரி இல்லாத பதிவுகளில் தொடர்ச்சியாக 10 மீட்டருக்கு மேல் ஏறினால்தான் ஏற்றமாகக் கணக்கிடுவதாகவும், உணரி உள்ளவற்றில் 2 மீட்டர் போதும் என்றும், பயணங்களைப் பதிவுசெய்யும் தளமான ஸ்ட்ராவா விளக்குகிறது. வேறு தளங்கள் உயரக் கோட்டை முதலில் மழமழப்பாக்கிவிட்டுக் கூட்டுகின்றன. எனவே இரு தளங்களின் எண்களை ஒப்பிடுவதில் பயனில்லை. ஒரே தளத்தில் நீங்கள் ஏற்கெனவே ஓட்டிய வழியின் எண்ணையும் புதிய வழியின் எண்ணையும் ஒப்பிடுங்கள். போன மாதம் ஏற்காடு ஏறியபோது கால் எப்படி இருந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும்.

கணக்கிடும் முறையால் மாறாத ஓர் எண் உண்டு. முடிவிடத்தின் உயரத்திலிருந்து தொடக்க இடத்தின் உயரத்தைக் கழித்து வருவதுதான் அது. மொத்த ஏற்றத்திலிருந்து மொத்த இறக்கத்தைக் கழித்தால் இதே எண் வரவேண்டும்.

இ.சி.ஆர். சாலை மேசை மாதிரி இருக்கிறது. படத்தில் மட்டும் ஏன் ரம்பப் பல் போல வருகிறது?

இரண்டு காரணங்கள். எஸ்ஆர்டிஎம் தரவில் உயரம் முழு மீட்டராகவே சேமிக்கப்பட்டிருக்கிறது, 4.4 மீட்டருக்கு 4 என்றும் 4.6 மீட்டருக்கு 5 என்றும் எழுதப்பட்டால், 20 சென்டிமீட்டர் வேறுபாடுகூட ஒரு மீட்டர் படியாகத் தெரியும். இரண்டாவது காரணம் சவுக்குத் தோப்பு. ரேடார் அலை முழுவதுமாகத் தரைக்குப் போய்த் திரும்புவதில்லை. இலைக்கூட்டமும் கட்டடக் கூரையும் அதை வழியிலேயே திருப்பி அனுப்புகின்றன. சாலையோரம் அடர்ந்த தோப்பு இருக்கும் இடத்தில் அந்தக் கட்டத்தின் உயரம் தரைக்கும் மரத்தலைக்கும் இடையில் எங்கோ நிற்கும். அடுத்த கட்டத்தில் உப்பளம் வந்தால் கோடு சட்டென்று கீழே இறங்கும். உங்கள் படத்தில் ஐந்தாறு மீட்டர் மேடாகத் தெரிவது, 2000-ஆம் ஆண்டில் அங்கே நின்ற மரங்களாக இருக்கலாம்.

கொண்டை ஊசி வளைவில் 32 சதவீதச் சரிவு காட்டுகிறது. அப்படிப்பட்ட சாலையில் பஸ் எப்படி ஏறும்?

ஏறாது, அந்த எண் தவறு. மலைச்சாலை என்பது சரிவான மலைப்பக்கத்தில் வெட்டப்பட்ட ஒரு குறுகிய படி. 30 மீட்டர் கட்டத்துக்கு அந்தப் படி கண்ணுக்கே தெரியாது. அது பார்ப்பது மேலே உள்ள பாறையையும் கீழே உள்ள பள்ளத்தையும் சேர்த்த சராசரிச் சரிவை மட்டுமே. மலைப்பக்கம் 40 பாகை சாய்ந்திருக்கும் இடத்தில் உங்கள் புள்ளி சாலையிலிருந்து 10 மீட்டர் விலகி விழுந்தால் உயரத்தில் 8 மீட்டருக்கு மேல் பிழை வரும். அடுத்த புள்ளி 25 மீட்டர் தள்ளிச் சரியான இடத்தில் இருந்தால், 25-க்கு 8 என்ற கணக்கில் 32 சதவீதம் வந்துவிடுகிறது. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு இந்த விளையாட்டு நடக்கும்.

தீர்வு, சரிவைப் புள்ளிக்குப் புள்ளி பார்க்காமல் 150 அல்லது 200 மீட்டர் நீளத்துக்குச் சராசரியாகப் பார்ப்பது. வளைவின் உட்புறம் சில மீட்டருக்கு மிகச் செங்குத்தாக இருப்பது உண்மைதான். அது எந்த இலவசத் தரவிலும் கிடைக்காது, ஓட்டிப் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். நான் செய்வது இன்னும் எளிது. அடிவாரம், நடுவழியில் ஒரு காட்சி முனை, உச்சி என்று நம்பத்தக்க சில இடங்களின் உயரத்தை நிலையாக வைத்துக்கொண்டு, இடைப்பட்ட கோட்டை நன்றாக மழமழப்பாக்கிவிடுவேன். பார்க்க அழகு குறைந்தாலும் ஓட்டுபவருக்குப் பயன்படுகிறது.

பாலத்தில் பள்ளம், சுரங்கப்பாதையில் மலை. இதை யாரும் திருத்த மாட்டார்களா?

மென்பொருள் திருத்தாவிட்டால் நாம்தான் திருத்த வேண்டும். உயரக் கட்டம் நிலத்தின் மேற்பரப்பை மட்டுமே அறியும். ஆற்றுப் பாலத்துக்குக் கீழே உள்ள மணற்படுகையின் உயரத்தை அது கொடுக்கும். சுரங்கப்பாதைக்கு மேலே உள்ள மலையின் உயரத்தையும் அப்படியே கொடுக்கும். மணாலிக்கு அப்பால் 2020-இல் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை 9.02 கிலோமீட்டர் நீளமுடையது. தெற்கு வாயில் 3,060 மீட்டரிலும் வடக்கு வாயில் 3,071 மீட்டரிலும் உள்ளன. உண்மையில் 11 மீட்டர்தான் வேறுபாடு. திருத்தாத கோப்பிலோ நடுவில் ஒரு பெரிய மலையே எழுந்து நிற்கும்.

யாரும் திருத்தக்கூடிய பொது வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பாலமும் சுரங்கமும் தனியே குறிக்கப்படுவதால், நல்ல மென்பொருள் இரு முனைகளின் உயரத்தை எடுத்து இடையில் நேர்கோடு போட்டுவிடும். கையால் செய்பவரும் அதையே செய்யலாம். தொப்பூர் கணவாய் போன்ற இடங்களில் சாலைக்காகப் பின்னாளில் வெட்டிய வெட்டுகளுக்கும், 2000-க்குப் பிறகு தோண்டிய கல்குவாரிகளின் ஓரச் சாலைகளுக்கும் இதே வைத்தியம்தான்.

மெரினாவில் நின்றுகொண்டிருந்தேன். போன் மைனஸ் 80 மீட்டர் என்றது. நான் என்ன கடலுக்கு அடியிலா நிற்கிறேன்?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. செயற்கைக்கோள் அளவீடு, பூமியை ஒரு மழமழப்பான நீள்கோளமாக வைத்துக்கொண்டு அதன் மேற்பரப்பிலிருந்து உயரத்தைச் சொல்கிறது. உண்மையான கடல் மட்டமோ புவியீர்ப்பு எங்கே கூடுதல், எங்கே குறைவு என்பதைப் பொறுத்து அந்தக் கோளத்துக்கு மேலும் கீழுமாக இருக்கிறது. உலகிலேயே கடல் மட்டம் மிகவும் தாழ்ந்திருக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் உள்ளது. அங்கே அது கோளத்துக்குக் கீழே சுமார் 106 மீட்டர். அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் தமிழ்நாடும் இலங்கையும் அமைந்திருக்கின்றன. ஆகையால் கடற்கரையில் நிற்பவருக்குக் கோளக் கணக்கில் மைனஸ் 80 மீட்டர் அளவில் வருவது சரியே.

பெரும்பாலான மிதிவண்டிக் கருவிகள் இந்த வேறுபாட்டைத் தாமே கழித்துக் கடல் மட்ட உயரத்தைத் தருகின்றன. ஆண்ட்ராய்டு போன் செயலிகளுக்கு வழக்கமாகக் கொடுப்பது கோளத்திலிருந்து எடுத்த உயரம். அதைத் திருத்தாமல் அப்படியே பதிவு செய்யும் செயலிகள் உண்டு. உங்கள் பதிவு முழுவதும் ஒரே அளவில் தாழ்ந்திருந்தால் காரணம் இதுவே. ஏற்றக் கணக்குக்கு இதனால் தீங்கில்லை. ஆனால் இப்படிப் பதிவான துண்டையும், கட்டத் தரவிலிருந்து உயரம் பெற்ற துண்டையும் ஒரே கோப்பில் ஒட்டினால், ஒட்டிய இடத்தில் 80 மீட்டருக்குக் குறையாத ஒரு சுவர் எழும்பும்.

என் கருவியில் காற்றழுத்த உணரி இருக்கிறதே, பிறகு எதற்கு இந்தக் கட்டத் தரவு?

உணரி, நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்கும்போது மட்டுமே அளக்கும். போகாத வழிக்கு அதனால் ஒன்றும் சொல்ல முடியாது. ஒருமுறை ஓட்டிய பிறகு அந்தப் பதிவைத் திட்டக் கோப்பாக மாற்றினால், ஏற்ற இறக்கத்தின் வடிவத்துக்கு அதைவிட நல்ல ஆதாரம் நம் கைக்கு எட்டாது. பாலம், கொண்டை ஊசி வளைவு எல்லாம் உள்ளபடியே வரும்.

ஆனால் உயரத்தின் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். கடல் மட்டத்துக்கு அருகில் ஒரு ஹெக்டோபாஸ்கல் அழுத்த வேறுபாடு எட்டு மீட்டருக்கும் சற்று அதிகமான உயரத்துக்குச் சமம். வெப்பமண்டலத்தில் மழையோ புயலோ இல்லாத நாளிலும் காற்றழுத்தம் காலை பத்து மணியளவில் உச்சத்துக்கும் மாலை நான்கு மணியளவில் தாழ்வுக்கும் போகும். வேறுபாடு மூன்று ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு இருக்கும். கருவியைத் திண்ணையில் வைத்துவிட்டு நீங்கள் தூங்கினாலும், மாலைக்குள் அது இருபத்தைந்து மீட்டர் ஏறியிருக்கும். புறப்படும் இடத்தின் உயரத்தைக் கையால் கொடுத்துத் தொடங்குங்கள். பாதி வழியில் நிற்கும்போது மறுபடியும் சரிபாருங்கள்.

கோப்பில் உள்ள உயரம் சரிதானா என்று போவதற்கு முன்பே எப்படிச் சோதிப்பது?

ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகையைப் பாருங்கள். ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பார்கள். நாம் அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தோம், எதற்கென்றுதான் கேட்டதில்லை. மேட்டுப்பாளையம் நிலையம் 326 மீட்டர், உதகை நிலையம் 2,203 மீட்டர். வேறுபாடு 1,877 மீட்டர். நிலையத்தில் தொடங்கி நிலையத்தில் முடியும் எந்தச் சாலைக் கோப்பிலும் முன்பு சொன்ன அந்த மாறாத எண் இதையொட்டியே இருக்க வேண்டும். மொத்த ஏற்றம் இதற்குக் குறைவாக வரவே முடியாது. மேலே கேட்ட 2,050, 2,600 இரண்டும் இந்தச் சோதனையில் தேறிவிடுகின்றன. 1,700 என்று காட்டும் கோப்பு தேறாது.

சரிவுக்கும் ஓர் அளவுகோல் அங்கேயே இருக்கிறது. பற்சக்கரம் பூட்டி ஏறும் நீலகிரி மலை ரயில் பாதையின் மிகச் செங்குத்தான பகுதியே சுமார் 12-க்கு 1, அதாவது 8 சதவீதத்தை ஒட்டியதுதான். முன்பு கேட்ட 32 சதவீதத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது சாலைத் தரைக்கு வருவோம். இது தார், இது மண் என்று செயலிக்கு யார் சொன்னார்கள்?

உங்களைப் போன்ற ஒருவர் சொன்னார். உயரம் விண்ணிலிருந்து வருகிறது. தரை வகை மனிதர்கள் கையால் எழுதி வருகிறது. 2004-இல் பிரிட்டனில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தில், சாலை ஒவ்வொன்றுக்கும் தரை எது, அது எவ்வளவு வழவழப்பு, வண்டிப்பாதையானால் எவ்வளவு கெட்டி என்று தனித்தனிக் குறிப்புகளைச் சேர்க்க முடியும். கோமூட், பிரவுட்டர், ஓப்பன்ரூட்சர்வீஸ் ஆகிய வழிபோடும் தளங்கள் காட்டும் தரைப் பட்டை அந்தக் குறிப்புகளிலிருந்து வருவதே.

இதனால்தான் உயரத்தைச் சேர்ப்பது போலத் தரையைச் சேர்க்க முடியாது. உயரத்துக்குப் புள்ளி இருந்தால் போதும். தரைக்கு, உங்கள் புள்ளி வரைபடத்தின் எந்தச் சாலையில் இருக்கிறது என்று முடிவுசெய்தாக வேண்டும். நான்குவழிச் சாலையும் அதன் சேவைச் சாலையும் 15 மீட்டர் இடைவெளியில் ஓடும்போது, ஒட்டவைக்கும் மென்பொருள் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் தரை வகையும் மாறிவிடும்.

"கிராவல்" என்று போட்டிருக்கிறது. நம்ம ஊரில் கிராவல் என்றால் எது?

வாசகர்கள் அதிகம் ஏமாறும் சொல் இது. நம்மூரில் கிராவல் என்றால் செம்மண்ணும் சிறு கல்லும் கலந்து கொட்டும் சரளை மண். மிதிவண்டிக் கடையில் கிராவல் என்றால் ஓரளவு இறுகிய, தார் போடாத எந்தச் சாலையும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அந்தச் சொல் பெருஞ்ஜல்லியைக் குறிக்கும். தண்டவாளத்தின் கீழே கிடப்பது போன்றது. தார் போடுவதற்கு முன் கொட்டிவிட்டு மாதக்கணக்கில் விட்டுவைக்கும் ஜல்லியை நினைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய டயரில் அதன்மேல் ஓட்ட முடியாது.

ஜல்லியும் மண்ணும் சேர்த்து உருளையால் இறுக்கிய கப்பிச் சாலை அங்கே காம்பாக்டட். தெருவில் பதிக்கும் பேவர் பிளாக்குக்கு அங்கே பேவிங் ஸ்டோன்ஸ் என்று பெயர். வண்டி போய்ப் போய் உருவான மண்தடம் கிரவுண்ட் அல்லது டர்ட். தேரிக்காட்டுச் சாலை சாண்ட். அங்கே டயரின் அகலம் எதுவானாலும் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். தார்ச்சாலை என்ற குறிப்பு குழியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அதற்கு வழவழப்புக் குறிப்பு தனியாக உண்டு, அதை எழுதுபவர்கள் குறைவு.

வழியில் பாதிக்கு மேல் "தெரியவில்லை" என்று சாம்பல் நிறத்தில் வருகிறது. அதை மண்சாலை என்று எடுத்துக்கொள்ளலாமா?

அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரிய சாலைகள் பலவற்றுக்கு யாரும் தரையை எழுதியிருக்க மாட்டார்கள், அது தார் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால். சில மென்பொருள்கள் சாலையின் தரத்தைப் பார்த்துத் தாமே ஊகித்துத் தார் என்று நிரப்பிவிடுகின்றன. அந்த ஊகம் உங்களுக்கு உறுதியான தகவல் போலத் தெரியும். ஊர்களை இணைக்கும் சிறு சாலை என்றால் பெரும்பாலும் தார் இருக்கும், வண்டிப்பாதை என்று குறித்திருந்தால் இருக்காது என்பதே நான் பின்பற்றும் வழக்கம்.

ஐயமுள்ள துண்டுகளை மட்டும் செயற்கைக்கோள் படத்தில் பாருங்கள். தார் சீரான கருஞ்சாம்பல் பட்டையாகவும், செம்மண் ஆரஞ்சு நிறத்தில் ஓரம் கலைந்தும், வண்டிப்பாதை நடுவில் புல் முளைத்த இரட்டைக் கோடாகவும் தெரியும். சாலையில் எடுத்த படங்களும் உதவும். 2022 முதல் கூகுளின் தெருக்காட்சி நம் நாட்டிலும் கிடைக்கிறது, மாப்பிலரி என்ற தளத்தில் பயணிகள் பதிவேற்றிய படங்களும் உண்டு.

அண்ணா, மண்சாலை ஆறு கிலோமீட்டர் என்று நீங்களே போட்டிருந்தீர்கள். நாங்கள் போனபோது சைக்கிளைத் தோளில் சுமந்தோம். ஏன்?

அந்தத் தவறு என்னுடையது. நான் அந்தக் கோப்பைச் செய்தது மே மாதம்; குழு போனது நவம்பரில். விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் மண் கோடையில் வெடித்துக் காய்ந்து சிமென்ட் போல ஓட்டத்துக்கு இதமாக இருக்கும். ஒரு மழை பெய்துவிட்டால் முதல் இருபது அடியிலேயே டயரின் மேல் அப்பம் போலப் படியும். அடுத்த இருபது அடியில் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்கும் டயருக்கும் இடையே கெட்டியாக அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். குச்சியால் தோண்டி எடுத்துவிட்டு மறுபடியும் இருபது அடி. செம்மண்ணும் சரளையும் இப்படிச் செய்வதில்லை. வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரே குறிப்புதான்.

அதிலிருந்து மண்சாலைத் துண்டுகளுக்கு மண்ணின் நிறத்தையும், எந்த மாதத்தில் பார்த்தது என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். தரைப்பாலங்களையும் அப்படியே குறிக்கிறேன். ஜனவரியில் மூன்று அங்குலத் தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தில் அணை திறந்த வாரத்தில் இடுப்பளவு ஓடும்.

கோப்பில் தரைக்கு இடமே இல்லை என்றீர்கள். பிறகு அதை எப்படி எங்களுக்கு அனுப்புகிறீர்கள்?

மாற்றுவழிகளில் அனுப்புகிறேன். தரை மாறும் இடத்தில் ஒரு வேபாயின்ட் வைத்து, "கப்பி தொடக்கம், 2.3 கி.மீ." என்று பெயரிடுகிறேன், பெரும்பாலான கருவிகளில் இது தெரியும், சில கருவிகளில் தமிழ் எழுத்து பெட்டி பெட்டியாக வருவதால் அவற்றை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஆங்கில எழுத்தில் இன்னொரு கோப்பு. போனில் பார்ப்பவர்களுக்கு, வழியைத் தரைவாரியாகத் துண்டுகளாக்கி வேறு வேறு நிறம் கொடுக்கலாம். ஆனால் கருவி அதை ஒரே வழியாக எடுத்துக்கொள்ளாது. கோப்பின் நீட்சிப் பகுதியில் தரையை எழுதி வைக்கவும் அமைப்பில் வசதி உண்டு, எழுதிய மென்பொருளைத் தவிர மற்றவை பெரும்பாலும் அதைப் படிப்பதில்லை.

உயரம் தெரிந்துவிட்டது. எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று கணக்கிடலாமா?

நடந்து செல்பவர்களுக்கு ஒரு பழைய விதி இருக்கிறது. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்னது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 12 கிலோமீட்டரும் 900 மீட்டர் ஏற்றமும் உள்ள நடைக்கு 2 மணி 24 நிமிடமும் ஒன்றரை மணியும் சேர்ந்து 3 மணி 54 நிமிடம். நம் வெயிலையும் தேநீரையும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை. மிதிவண்டிக்கு இந்த விதி பொருந்தாது. தரை மோசமானால் இறக்கத்திலும் வேகம் வராது.

வரைபடத்தில் பாதை இருக்கிறது, தரையும் போட்டிருக்கிறது. போகலாம்தானே?

பாதை இருப்பதும் அனுமதி இருப்பதும் வேறு வேறு. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீ விபத்து நடந்த பின் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குக் கட்டுப்பாடுகள் கடுமையாயின. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழைய முடியாது. அனுமதியுள்ள பாதைகளுக்கு 2024-இல் தொடங்கிய டிரெக் தமிழ்நாடு தளத்தில் பதிவு செய்யலாம். மற்றப் பாதைகளுக்கு நான் கோப்பு செய்து தருவதில்லை.

எல்லாம் சேர்த்த பிறகு கோப்பு பெரிதாகி என் பழைய கருவி திணறுகிறது. புள்ளிகளைக் குறைக்கலாமா?

குறைக்கலாம், ஆனால் அது கடைசி வேலையாக இருக்க வேண்டும். புள்ளிகளைக் குறைக்கும் வழக்கமான முறை, வழி வளையாத இடத்தில் இடைப்புள்ளி தேவையில்லை என்று எடுத்துவிடும். உயரத்தை அது பார்ப்பதில்லை. நேரான சாலையில் ஒரு மேம்பாலமோ சிறு ஏற்றமோ இருந்தால் அதன் உச்சிப் புள்ளி போய்விடும், படத்தில் சாலை சமதளமாகிவிடும். நேரான சாலையிலும் 100 அல்லது 200 மீட்டருக்கு ஒரு புள்ளியாவது எஞ்சுமாறு வரம்பு வையுங்கள்.

நேரில் போனபோது தரை வேறாக இருந்தது. உங்களுக்குச் சொன்னால் போதுமா?

எனக்குச் சொன்னால் என் கோப்பு மட்டும் திருந்தும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் திருத்தினால் அதை நம்பியிருக்கும் செயலிகள் எல்லாம் சிறிது காலத்தில் திருந்தும். ஆண்ட்ராய்டில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலியை நிறுவினால், நீங்கள் நிற்கும் சாலையின் தரை எது என்று படங்களைக் காட்டிக் கேட்கும். தொட்டுவிட்டுப் போகலாம், டீக்கடை வாசலில் இரண்டு நிமிட வேலை. நேரில் கண்டதை மட்டும் எழுதுங்கள். கூகுளின் தெருக்காட்சியைப் பார்த்து அங்கே எழுதுவதை உரிமம் அனுமதிக்கவில்லை. உங்கள் பயணத்துக்காக அதைப் பார்ப்பதில் தடையில்லை.

சாலை முழுவதற்கும் ஒரே குறிப்பைக் கொடுத்துவிடாமல், தார் முடியும் இடத்தில் கோட்டை வெட்டி இரண்டாக்கிக் குறிக்க வேண்டும். பெரும்பாலும் அந்த இடம் ஊரின் கடைசி வீட்டையும் மின்கம்பத்தையும் தாண்டியதும் வந்துவிடுகிறது.